வணக்கமும் ஆராதனையும்

சமயம் பற்றி வினா எழுப்புவோரைப் பகைவராகக் கொள்ளும் மனப்பாங்கு நம்மிடையே பலர்க்கு உண்டு. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இம்மனப்பாங்கு உடன்பாடன்று. வகுப்பிலே எழுந்து நின்று, "இச்சூத்திரம் ஏன் இங்ஙனம் கூறுகின்றது?" என வினவும் மாணாக்கனே பாடத்தைச் செவிமடுத்தவன். சமயத்திலும் நிலைமை இதுவே. பேதுருவின் முதலாம் திருமுகம் மூன்றாம் அதிகாரத்திலே, நம்பிக்கைக்குக் காரணங் கேட்போர் எவர்க்கும் விடையிறுக்க ஆயத்தமாயிருத்தல் கிறிஸ்தவனின் கடமையெனக் கூறப்பட்டுள்ளது. அவ்விடை அமைதியோடும் மதிப்போடும் அமைதல் வேண்டுமென்ற வரையறையும் அவ்விடத்திலேயே உண்டு. எனவே, விடை கூறாதிருத்தலும் தவறு; சினந்து விடை கூறுதலும் தவறு. இவ்விரு தவறுக்கும் இடங்கொடாது, எமது பகுதியிலே கத்தோலிக்கரை நோக்கி மிகுதியும் எழுப்பப்படும் வினா ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

உன்னிச்சை எனது ஊர். மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரைக்குள் மேற்கு நோக்கிச் செல்வோர், வவுணதீவையும் ஆயித்தியமலையையும் தாண்டி உன்னிச்சைக் குளத்தை அடைவர். வயலும் குளமும் சூழ்ந்த இந்நிலப்பரப்பிலேதான் ஆயித்தியமலைச் சதாசகாய மாதா திருத்தலம் அமைந்துள்ளது. செப்டெம்பர் மாதத் திருவிழாவுக்கு நெடுந்தூரம் கால்நடையாக வருவோர் பலர். அவருள் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் உளர். வந்தவர் மெழுகுதிரி ஏற்றுவர். சுரூபத்தின் முன் முழந்தாளிடுவர். பிள்ளைக்காகவும் விளைச்சலுக்காகவும் நோய் நீங்குதற்காகவும் மன்றாடுவர்.

இக்காட்சியைக் கண்டு இருசாரார் இருவேறு வினாக்களை எழுப்புகின்றனர். முதற்சாரார் கிறிஸ்தவருள்ளேயே பிற சபைகளைச் சேர்ந்தோர். "கடவுளுக்கே உரிய ஆராதனையை ஒரு பெண்ணுக்கும் ஒரு சிலைக்கும் செலுத்துகின்றீர்கள், இது விக்கிரகாராதனை அன்றோ?" என்பது அவர் வினா. மற்றைச் சாரார் எம் அயலிலே வாழும் சைவ நண்பர். "எமக்கு அம்மன், உமக்கு மாதா, இரண்டும் ஒன்றே. அவ்வாறிருக்க, அவளைத் தெய்வமென்று ஒப்புக்கொள்ள நீர் ஏன் தயங்குகின்றீர்?" என்பது இவர் வினா. முன்னவர் குற்றஞ்சாட்டிக் கேட்கின்றார்; பின்னவர் உறவு கொண்டாடிக் கேட்கின்றார். ஆயினும், நுணுகி நோக்குவார்க்கு இரு வினாவும் ஒரே கருத்தின்மேல் எழுந்தவை என்பது புலனாகும். கத்தோலிக்கர் மாதாவைத் தெய்வமாகக் கொண்டுள்ளனர் என்பதே அக்கருத்து. ஆகவே, இருவர்க்கும் உரிய விடையும் ஒன்றே.

இவ்வினா வெறுஞ் சொற்போருக்குரிய பொருளன்று. குடும்பங்களுக்குள் இது புகுந்து விட்டது. மணமாகிப் புதிய சபையொன்றிற் சேர்ந்த மகள், தாய்வீட்டுச் சுவரிலுள்ள மாதா படத்தை அகற்றினாலன்றி உள்ளே அடிவைப்பதில்லை என்றதையும், அதனால் தாயும் மகளும் இரண்டாண்டுகள் முகம் பாராதிருந்ததையும் யான் அறிவேன். அத்தாயிடம் நம்பிக்கை இருந்தது. அதனை விளக்குதற்குரிய சொல் இருக்கவில்லை. மகளிடம் வேத வசனம் இருந்தது. தாய் செய்வது யாதெனப் பொறுமையாகக் கேட்டறியும் மனம் இருக்கவில்லை.

தமிழகத்துக்கு இவ்வினா புதிதன்று. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிலே லுத்தரன் சபையார் தம் பணியைத் தொடங்கியபின், அவர்கள் எழுப்பிய தடைகளுக்கு விடையாக வீரமாமுனிவர் (1680–1747) ‘வேத விளக்கம்’, ‘பேதகம் மறுத்தல்’ முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். ஏலாக்குறிச்சியிலே அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எடுத்து, அத்தலத்தின்மேல் ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடியவரும் அவரே. யாழ்ப்பாணத்திலோ, திருவுருவ வழிபாட்டைப் பழித்த புரட்டஸ்தாந்தருக்கு ஆறுமுக நாவலர் (1822–1879) 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலால் விடையிறுத்தார். பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிலே பணியாற்றிய நாவலர், அவ்விவிலியத்தையே சான்றாகக் கொண்டு, கிரியைகளும் புனிதப் பொருள்களும் அந்நூலிலும் உள என எடுத்துக்காட்டினார். சைவரும் கத்தோலிக்கரும் கொள்கையால் வேறுபட்டவரேனும், ஒரே திசையிலிருந்து வந்த ஒரே வினாவை எதிர்கொண்டவர் என்பது இதனால் விளங்கும். அக்காலக் கண்டன நூல்களின் தெளிவை நாம் கற்கவேண்டும். அவற்றிற் கலந்துள்ள கடுமையை அவ்வக்காலத்தோடு விட்டுவிடவேண்டும்.

இனி, வினாவுக்கு வருவோம். இதன் பாதிச் சிக்கல் சொல்லிலே கிடக்கின்றது. தமிழிலே ‘வணக்கம்’ என்னும் சொல் மிக அகன்ற பொருளுடையது. கடவுளை வணங்குகின்றோம், தாய் தந்தையரை வணங்குகின்றோம், ஆசிரியரை வணங்குகின்றோம், வழியிலே எதிர்ப்படும் அன்பருக்கும் வணக்கம் கூறுகின்றோம். ‘வழிபடுதல்’ என்னும் சொல்லும் அத்தகையதே. இன்று அது கோயிற் பூசையையே பெரிதும் உணர்த்துகின்றது. முற்காலத்தில் ஆசிரியர் சொல்வழி ஒழுகுதலையும் உணர்த்தியது. வணங்குதல் என்ற செயலொன்றைக் கொண்டு, வணங்கப்படுபவர் கடவுளாகக் கருதப்படுகிறார் என முடிவு கட்டுதல் தமிழ் வழக்கை அறியாதார் கூற்றாகும்.

கிரேக்க மொழியிலே திருச்சபை இவ்வேறுபாட்டைத் தனிச்சொற்களால் வரையறுத்துள்ளது. கடவுள் ஒருவருக்கே உரியது ‘லத்ரேயா’. புனிதர்க்கு உரியது ‘தூலேயா’. 787ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் நிசேயப் பொதுச்சங்கம், திருவுருவங்களுக்குச் செலுத்தும் மரியாதை அவ்வுருவாற் குறிக்கப்படுபவரையே சேரும் என்றும், மெய்யான ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது என்றும் தீர்ப்புக் கூறியது. முன்னதைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘ஆராதனை’ என்றும், பின்னதை ‘வணக்கம்’ என்றும் வழங்குகின்றனர். பிற சபையார் தம் ஞாயிறு வழிபாட்டையே ‘ஆராதனை’ என்பர். இரு வீட்டார் ஒரே சொல்லை இருவேறு எல்லையில் வழங்கும்போது பூசல் விளைதல் இயல்பு.

"சொல் வேறாயின் செயலும் வேறாகி விடுமோ? முழந்தாள் ஒன்றுதானே?" என்று கேட்பர் சிலர். தக்க கேள்வியே. செயலை அளக்க இரண்டு அளவுகோல்கள் உள.

முதலாவது பலி. கத்தோலிக்க சமயத்தின் உச்ச வழிபாடு திருப்பலி. மாதாவின் திருநாளிலும் திருப்பலி கடவுளுக்கே ஒப்புக்கொடுக்கப்படும். மாதாவுக்கு ஒருநாளும் ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை. இரத்தசாட்சிகளின் கல்லறைகளிலே வழிபாடு நிகழ்ந்த காலத்தில் இதே ஐயம் எழுந்தபோது, புனித அகுஸ்தீனார் கூறிய விடையும் இதுவே: இரத்தசாட்சிகளை நினைவு கூர்கின்றோம், பலியை அவர்தம் இறைவனுக்கே செலுத்துகின்றோம்.

இரண்டாவது மன்றாட்டின் வினைச்சொல். இஃது இலக்கண ஆசிரியன் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். பிரார்த்தனை மாலைகளிலே இறைவனை நோக்கும்போது இரக்கம் கேட்கப்படும். மாதாவையும் புனிதரையும் நோக்கும்போது எமக்காக இறைவனிடம் மன்றாடுதல் கேட்கப்படும். ஒன்றிலே முன்னிலையில் நிற்பவர் கொடுப்பவர். மற்றொன்றிலே முன்னிலையில் நிற்பவர் எம்மோடு சேர்ந்து கேட்பவர். இவ்விரு வினையையும் பிரித்தறிந்தவன் ஆராதனைக்கும் வணக்கத்துக்கும் இடையிலுள்ள எல்லையை அறிந்தவனாவான்.

சிலையைப் பற்றிய தடைக்கு யாத்திராகமம் இருபதாம் அதிகாரம் சான்று காட்டப்படுகின்றது. உருவங்களைச் செய்து அவற்றைப் பணிதல் ஆகாதென்பது ஆண்டுள்ள கட்டளை. கத்தோலிக்கர் அதனை மறுப்பாரல்லர். ஆயின், அதே நூல் இருபத்தைந்தாம் அதிகாரத்திலே, உடன்படிக்கைப் பேழையின்மேல் இரு கெருபீன்களின் உருவங்களைப் பொன்னாற் செய்து வைக்குமாறு பணிக்கின்றது. எண்ணாகமம் இருபத்தோராம் அதிகாரத்திலோ, வெண்கலச் சர்ப்பம் ஒன்றைச் செய்து உயர்த்தும்படி மோசேக்குக் கட்டளை பிறக்கின்றது. உருவஞ் செய்தல் எக்காலும் பாவமாயின் இக்கட்டளைகள் பிறந்திரா. விலக்கப்பட்டது உருவத்தைத் தெய்வமாகக் கொள்ளுதலே.

அவ்வெண்கலச் சர்ப்பத்தின் வரலாறு அத்தோடு முடியவில்லை. பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபங்காட்டத் தலைப்பட்டபோது எசேக்கியாஸ் அரசன் அதனை உடைத்தெறிந்தான் என்று இரண்டாம் அரசராகமம் பதினெட்டாம் அதிகாரம் கூறுகின்றது. இரு பக்கத்தாரும் இதனை முழுமையாகப் படித்தல் வேண்டும். இறைவன் பணித்த உருவமேயாயினும் நெறி தவறிய மனத்தால் விக்கிரகமாகிவிடலாம் என்பது கத்தோலிக்கர்க்கு எச்சரிக்கை. நெறி தவறியது மனமே. உருவஞ் செய்தமை அன்று என்பது அவரை வினவுவோர்க்கு விடை.

அடுத்த தடை ‘ஒரே மத்தியஸ்தர்’ என்பது. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் திருமுகம் இரண்டாம் அதிகாரம், கடவுளுக்கும் மனிதர்க்கும் இடையே நிற்பவர் கிறிஸ்து ஒருவரே எனத் தெளிவாகக் கூறுகின்றது. அவ்வதிகாரத்தின் தொடக்கமோ, எல்லா மனிதர்க்காகவும் மன்றாடுமாறு விசுவாசிகளை ஏவுகின்றது. ஒருவருக்காக ஒருவர் மன்றாடுதல் கிறிஸ்துவின் மத்தியஸ்தத்துக்கு மாறாயின், அடுத்தடுத்த வரிகளிலே ஆசிரியர் தமக்குத் தாமே முரண்பட்டவராவர். நோயுற்ற அயலவனுக்காக உன்னிச்சைக் குளத்திலே ஒரு குடம் நீர் மொண்டு வந்து அவன் வீட்டு வாயிலில் வைப்பவள் இரண்டாம் குளமாகி விடுவதில்லை. நீர் குளத்தினது, அன்பு அவளுடையது. நோயாளி தானே குளத்துக்குச் செல்ல எவரும் தடுப்பதுமில்லை. புதிய சபையாரும் தம் போதகரிடம், "எனக்காகச் செபியுங்கள்" என்று கேட்கின்றனர். இறந்தோர் கிறிஸ்துவில் உயிர் வாழ்கின்றனர் என்று நம்புவோர், அதே வேண்டுகோளை அவருடைய தாயிடம் விடுத்தல் எங்ஙனம் குற்றமாகும்?

இனி, சைவ நண்பரின் வினாவை நோக்குவோம். மட்டக்களப்பு மக்களுக்குக் கண்ணகி அம்மன் அயலானவள் அல்லள். வைகாசியிலே சடங்கும் குளிர்த்தியும் நடவாத வட்டாரம் இங்கே அரிது. சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி ஒரு வணிகன் மகள், மற்றொரு வணிகன் மனைவி. கற்பின் திண்மையால் தெய்வமாக உயர்ந்தவள். சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லிலே அவளுக்குப் படிமம் சமைத்தான். பெண்ணொருத்தி தெய்வமாதலை இவ்வாறு அறிந்த மண்ணிலே, மாதாவும் அவ்வாறு உயர்ந்தவளே என நண்பர் எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணத்தின் பின்னுள்ள அன்பை நாம் மதிக்கின்றோம்.

எனினும், கத்தோலிக்கப் போதனை இவ்விடத்தில் வேறு வழிச் செல்கின்றது. மரியாள் மனிதப் பெண். என்றும் மனிதப் பெண்ணே. 431ஆம் ஆண்டு எபேசு பொதுச்சங்கம் அவளைக் ‘கடவுளின் தாய்’ என்று அறிவித்தது, அவளைத் தெய்வமாக்குதற்கன்று; அவள் வயிற்றிற் பிறந்தவர் மெய்யான கடவுள் என்பதை நிலைநாட்டுதற்கே. 1950ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்த விண்ணேற்பு விசுவாசமும், அவள் கடவுளால் எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்றே கூறுகின்றது. தானாக ஏறினாள் என்று கூறவில்லை. லூக்காஸ் நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலே அவளே தன்னை ஆண்டவரின் அடிமையென்றும், கடவுளைத் தன் இரட்சகர் என்றும் சொல்லுகின்றாள். நாலாம் நூற்றாண்டிலே சில பெண்கள் மரியாளுக்கு அப்பம் படைத்து வழிபடத் தலைப்பட்டபோது, அதனைக் கண்டித்து எழுதியவர் கத்தோலிக்க மேற்றிராணியாராகிய புனித எப்பிபானியுஸ் என்பதும் கருதத்தக்கது. மரியாளைத் தெய்வமென்று கொள்ளுதலை முதன்முதல் மறுத்தவர் பிற்காலச் சீர்திருத்தக்காரர் அல்லர். அக்கடமையை அன்றே திருச்சபை நிறைவேற்றிவிட்டது.

அங்ஙனமாயின், மாதாவின் சிறப்பு யாது? ஆயித்தியமலையில் வணங்கப்படும் சதாசகாய மாதாவின் படமே இதற்கு விடை தருகின்றது. 1866ஆம் ஆண்டு ஒன்பதாம் பத்திநாதரின் விருப்பப்படி உரோமையில் இரட்சகர் சபைக் குருமாரின் ஆலயத்தில் நிறுவப்பட்ட பழம்படம் அது. அதனை ஊன்றிப் பார்த்தவர் சிலரே. பொன்னிறப் பின்னணியிலே தாய் பாலனை ஏந்தி நிற்கின்றாள். இரு வானதூதர் சிலுவையையும் ஆணிகளையும், ஈட்டியையும் கடற்காளானையும் தாங்கியுள்ளனர். வரப்போகும் பாடுகளைக் கண்ட பாலன் அஞ்சித் தாயின் கையை இரு கைகளாலும் பற்றியிருக்கின்றான்; அவன் பாதரட்சை ஒன்று கழன்று தொங்குகின்றது. இது வரமளிக்கும் தேவியின் கோலமன்று. பிள்ளைக்கு வரப்போகும் துன்பத்தை விலக்கமாட்டாத, ஆயினும் அவனை விட்டு நீங்காத ஒரு தாயின் கோலம். போரினால் பிள்ளைகளை இழந்த தாய்மார் நிறைந்த இப்படுவான்கரையிலே அப்படத்தின்முன் கண்ணீர் பெருகுதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இவ்வளவும் கூறியபின், எம்மவரை நோக்கியும் ஒரு சொல் கூறவேண்டும். கொள்கை தெளிவாயிருந்தும் நடத்தை அதனை மறைக்குமாயின், எத்தனை கட்டுரை எழுதினும் வினவுவோர் நம்பார். திருவிழாவிலே கொடிக்கும் தேருக்கும் முண்டியடிப்போர், திருப்பலி வேளையிலே கடைத்தெருவில் நிற்பராயின், சுரூபத்தைத் தொட்டவுடன் வீடு திரும்புவராயின், அவர் செய்கையே எதிர்வாதியின் சான்றாகின்றது. நேர்த்திக்கடனை வணிகப் பேரம்போல் எண்ணுதலும் அத்தகையதே. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964இல் திருச்சபை பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கத்தில், மரியாளைப் பற்றிப் பேசுவோர் மிகைபடக் கூறுதலையும் குறைபடக் கூறுதலையும் ஒருங்கே தவிர்க்குமாறு பணித்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் உரோமையிலுள்ள விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட குறிப்பு, மரியாளை ‘இணை மீட்பர்’ எனப் பட்டஞ்சூட்டி அழைத்தல் பொருத்தமன்று என்று தெளிவுறுத்தியது. தாய்க்குச் சூட்டும் மாலை மகனின் முகத்தை மறைத்தலாகாது என்பதிலே உரோமை இத்துணை விழிப்பாயிருக்க, நாம் அயர்ந்திருத்தல் தகாது. கானாவூர்த் திருமணத்திலே பணியாளரிடம் மரியாள் கூறியது ஒன்றே: தன் மகன் சொல்வதைச் செய்க என்பது. மாதா பத்தியின் உரைகல்லும் அதுவே.

விடை கூறும் முறையைப் பற்றியும் சிறிது கூறி அமைவேன். சுவாமி விபுலானந்தர் (1892–1947) மட்டக்களப்பிலே இயேசு சபையார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். பின்னர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானவர். வேறுபட்ட கொள்கையினர் ஒரே கூரையின்கீழ்க் கற்றுத் தத்தம் நெறியிலே உயர்தல் இம்மண்ணுக்கு இயலாததன்று என்பதற்கு அவர் வாழ்வு சான்று. மற்றொரு சான்று துயரமானது. 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்க ஆலயங்கள் தாக்கப்பட்ட காலையிலேயே, மட்டக்களப்பிலே சீயோன் ஆலயமும் தாக்கப்பட்டது. அங்கு மாண்டவருட் பலர் சிறுவர். சீயோன் ஆலயத்தார் மாதா சுரூபத்தை வைப்பவரல்லர், செபமாலை சொல்பவருமல்லர். எனினும், அன்று மட்டக்களப்பிலே எந்தத் தாயும் மற்றொரு தாயின் சபையைக் கேட்டு அழவில்லை.

ஆகவே, மாதா படத்தைக் கண்டு வினவும் மகளிடம் தாய் சினக்க வேண்டியதில்லை. "நான் இவளை ஆராதிக்கவில்லை, எனக்காக இவள் மகனிடம் மன்றாடுமாறு கேட்கின்றேன். ஆராதனை அவள் மகனுக்கே" என்று அமைதியாகக் கூறினாற் போதும். மகளும் ஒப்ப வேண்டுமென்பதில்லை. தாய் சொல்வதைக் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்டபின்னும் இருவர் கருத்தும் வேறுபட்டே நிற்கலாம். வேறுபட்ட கருத்தினர் ஒரு வீட்டில் உண்ணலாம். ஒருவர் சொல்லை மற்றவர் கேளாதவிடத்தே வீடு இரண்டாகின்றது.